விலை குறையலாம், பொறுப்பு குறையலாகாது

மாலை வேளையில் நகரத்துப் பேரங்காடிகளுக்குச் செல்வோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். குளிரூட்டியின் ஒரு மூலையில், மறுநாள் காலாவதியாகவுள்ள இறைச்சிப் பொதிகள் விலைக்குறைப்புச் சீட்டுடன் கிடக்கும். அவற்றை எடுக்கும் தாய் யாரேனும் தன்னைப் பார்க்கின்றனரோ என்று கூசுகின்றாள். அவள் ஏன் கூச வேண்டும்?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. பின்னர் அது தணிந்தது உண்மையே. ஆயினும், பணவீக்கம் தணிதல் வேறு. ஏறிய விலை இறங்குதல் வேறு. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் இறைச்சி சமைக்க விரும்பும் ஏழைத் தாய் சிக்கனம் தேடுவது இழிவன்று. விற்காவிடில் குப்பைக்குப் போகும் பொருளுக்குக் கடைக்காரரும் காசு பெறுகின்றார். ஆகவே இது பிச்சையன்று. இரு தரப்பாருக்கும் நன்மை தரும் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் எனின் நேர்மை வேண்டும். அண்மையில் ஒரு கடையில் நான் எடுத்த பொதியில், விலைக்குறைப்புச் சீட்டு காலாவதித் திகதியின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. அதனை உரித்துக் காட்டுமாறு கேட்டேன். “மலிவாகத்தானே தருகிறோம்!” என்பதே கிடைத்த விடை.

இந்த விடையைத்தான் நாம் ஏற்க மறுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனிதர் உண்ணத்தகாத உணவை விற்பதைத் தடை செய்கின்றது. முழு விலை கொடுத்தவனுக்கு ஒரு சட்டம், அரை விலை கொடுத்தவனுக்கு வேறொரு சட்டம் என அது வகுக்கவில்லை. வாங்குபவன் விட்டுக்கொடுப்பது நாட்களையே, உடல்நலத்தையன்று.

திகதி மட்டும் காப்பாகிவிடாது என்பதையும் நாம் உணர வேண்டும். இறைச்சி இடையறாது 4 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தாலன்றி அத்திகதிக்குப் பொருளில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டுக்கு உள்ளான நாடு இது. மின்சாரம் நின்றபோது குளிரூட்டியின் நிலை என்னவென்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

நமக்கும் கடமையுண்டு. 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் இறைச்சியை ஒரு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைத்திருத்தலாகாது. வாங்கிய அன்றே சமைத்தல் வேண்டும்; அன்றேல் திகதி கடக்குமுன் உறைநிலையில் இடுதல் வேண்டும். உறைகுளிர் பற்றீரியாவின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி, அவற்றை அழித்துவிடாது. கோழியிறைச்சியின் உட்பகுதியும் 74 பாகை வரை வேக வேண்டும். மிளகாய்த்தூள் கெட்ட வாடையை மறைக்கலாம், நஞ்சை மறைக்காது. சில பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை.

எனவே மலிவுப் பொதியை எடுப்போர் தலைநிமிர்ந்து எடுக்கட்டும். திகதி தெளிவாகத் தெரிகின்றதா, பொதி ஊதியிருக்கின்றதா என்று நோக்கட்டும். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறட்டும். திகதியை மறைத்தோ மாற்றியோ விற்பாராயின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் எழுத்தில் முறையிடட்டும்.

விலையைக் குறைக்கும் வணிகரைப் போற்றுவோம். ஆனால், அவ்விலைக் குறைப்பைத் தம் பொறுப்பிலிருந்து விடுதலை தரும் பத்திரமாகக் கருதுவாராயின், அப்பத்திரத்தில் நாம் கையொப்பமிடவில்லை என்பதை அவருக்கு உணர்த்துவோம்.