நிலக்கம்பி இல்லாத காப்பு

மின்னல் மாதங்கள் நெருங்கினால் மின்சாதனக் கடைகளில் சூடுபிடிக்கும் வியாபாரமொன்று உண்டு. ‘சேர்ஜ் புரொட்டெக்டர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டி; உள்ளே நான்கு குதைகளும் ஒரு சிவப்பு விளக்கும். அந்த விளக்கை நம்பி இரண்டு இலட்சம் ரூபா மடிக்கணினியைச் செருகுகிறோம். செருகியைத் திருப்பிப் பாருங்கள்: பலவற்றில் இரண்டே முனைகள். இது காப்பல்ல, மணிக்கட்டில் கட்டும் மந்திரநூல்.

உள்ளே இருப்பது உலோக ஒட்சைட்டு வரிஸ்டர் என்னும் காசளவு வில்லை. 230 வோல்ற்றில் அது உறங்கும். வோல்ற்றளவு திடீரெனப் பாய்ந்தேறும்போது விழித்து, மேலதிக மின்னைத் திருப்பிவிடும். உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் இடையிலான வில்லை ஓரளவு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் மின்னல் அவ்விரு கம்பிகளையும் சேர்த்தே உயர்த்தும்போது போக்கிடம் நிலம் ஒன்றுதான். நிலக்கம்பி எங்கே?

நம் வீடுகளில் நடப்பதென்ன? 13 அம்பியர் குதையின் மேல்துளையில் பேனாவைக் குத்தி, இருமுனைச் செருகியைத் திணிப்பது நம் தேசியக் கலை. வயறிங் செய்தவர் நிலக்கோலை ஒரு முழம் இறக்கிவிட்டுப் போயிருப்பார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில், அதுவும் கோடையில், அது பெயருக்கு நிற்கும் கம்பி. “ட்ரிப் சுவிச் இருக்கிறதே” என்பார்கள். அது மின்னொழுக்கிலிருந்து மனிதரைக் காப்பது, கணினியை அல்ல.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். கனடாவிலிருந்து அன்போடு கொண்டுவரும் பவர்பார் 120 வோல்ற்றுக்கு உரியது. இங்கே செருகினால் எழுச்சி எதுவும் வராமலே அதன் வில்லை கடத்தத் தொடங்கும். சூடேறித் தீப்பற்றவும் கூடும். பயண அடப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றளவை மாற்றாது.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்துக் குரங்கைப் பற்றிப் பத்திரிகைக்காரர் நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். மின்சாரம் திரும்பும் கணத்தில் வீட்டுக் கருவிகளைச் செருகி வைத்திருக்கலாகாது என்று எத்தனை பேர் எழுதினோம்?

நிலமுனை இல்லாத நீட்டிப்புக் கம்பியைக் ‘காப்பு’ என்று விற்பது பொய் விளம்பரம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அரிசி விலைக்குக் கடைகளைச் சோதிப்பதுபோல் இதையும் சோதிக்கட்டும். எத்தனை ஜூல் தாங்கும், எந்த வோல்ற்றளவில் மடக்கும் என்பவை பெட்டியில் இருக்க வேண்டும். வில்லை ஒவ்வொரு எழுச்சியிலும் தேய்ந்து ஒருநாள் செத்துவிடும் என்பதும் இருக்க வேண்டும். செத்த பின்னும் அந்தச் சிவப்பு விளக்கு பல மலிவுப் பெட்டிகளில் எரிந்துகொண்டுதான் இருக்கும்.