அரிவாளில் இத்தனை தினுசு தேவையா?

சந்தை நாளில் இரும்புக் கடை முன் நின்றால், அரிவாளும் கத்தியும் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. சிவப்புப் பிடி, மஞ்சள் பிடி, பளபளக்கும் அலகு என்று பல தினுசு. ஒரே பட்டறை இத்தனை மாதிரிகளைச் செய்து குவிக்க வேண்டுமா என்று விவசாயிகள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கொல்லர்களும் பல தினுசு அடித்தவர்களே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கதிர் அறுக்கும் கருக்கரிவாளில் பல் இருக்கும். தாளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாலே அறுபடும், ஓங்கி வெட்ட வேண்டியதில்லை. முள்ளும் மட்டையும் வெட்டும் அரிவாளுக்குக் கனம் வேண்டும். பாளை அரிவாளோ மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கரும்பைத் தரையோடு ஒட்ட வெட்ட வேண்டும்; அடிக்கணுக்களில்தான் சர்க்கரை அதிகம். கட்டை உயரமாக நின்றுவிட்டால் மறுதாம்புப் பயிரும் பலவீனமாகும். எல்லாவற்றுக்கும் ஒரே அரிவாள் போதும் என்பவர், கருக்கரிவாளோடு கரும்புத் தோட்டத்தில் இறங்கிப் பார்க்கட்டும்.

எனவே வேலைக்காக வந்த தினுசுகளைக் குறை சொல்ல வேண்டாம். பிடியின் நிறத்தையும் அலகின் பூச்சையும் மாற்றிவிட்டுப் புது மாதிரி என்று விற்பதைத்தான் கேட்க வேண்டும். மாதிரி கூடக் கூடப் பட்டறையிலும் கடையிலும் முதல் முடங்குகிறது. அந்தச் சுமை விலையாகி, கடைசியில் சிறு விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

இவ்வளவு தினுசுக்கு நடுவிலும் நமக்கு வேண்டிய சில கிடைப்பதில்லை. கை அறுவடையில் பெரும்பங்கு பெண்களுடையது. அவர்கள் கைக்கு அடங்கும் பிடி எத்தனை அரிவாளில் இருக்கிறது? ஒருபுறமாகப் பல் வெட்டிய அரிவாள் வலக்கைக்காரருக்குத்தான் ஒத்துவரும். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்ன செய்வார்? போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் ‘நவீன்’ என்ற பல் அரிவாளை உருவாக்கியது. பிடி நழுவாமலும் கையில் காயம் படாமலும் இருக்கும்படி அதன் பிடி அமைந்துள்ளது. அக்கறை இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

அறுவடை இயந்திரம் வந்துவிட்டதே, அரிவாள் எதற்கு என்று எண்ண வேண்டாம். இயந்திரம் நுழையாத மூலைக்கும், சிறு வயலுக்கும், அன்றாடம் மாட்டுக்குப் புல் அறுக்கவும் அதுதான் துணை.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். லாரிப் பட்டையில் அடித்ததா, வெறும் தகட்டில் வெட்டியதா? கரிச்சத்துக் குறைந்த தகடு, காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது. அலகின் வால் பிடிக்குள் ஆழமாக இறங்கிப் பூண் போட்டிருக்கிறதா? வேலை செய்யப்போகிறவர் கையில் பிடித்துப் பார்த்தாரா? வீட்டுக்காரர் வாங்கி வந்து மனைவியிடம் கொடுக்கும் வழக்கம் மாற வேண்டும்.

பழைய அரிவாள் பல் தேய்ந்துவிட்டால் தூக்கி எறியாமல் ஊர்க் கொல்லரிடம் கொடுங்கள். மீண்டும் பல் வெட்டித் தருவார். புதிது செய்யும் பட்டறைக்காரர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: நிறத்தில் பத்தைக் குறைத்து, பெண்கள் கைக்கும் இடக்கைக்கும் ஏற்ற இரண்டைச் சேருங்கள்.