அணு உலை ஆபரேட்டர் தேர்வு: கைடு வாங்கினால் போதுமா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் உலகமே தனி. டிஎன்பிஎஸ்சி, வங்கி, போலீஸ், ரயில்வே என்று ஆளுக்கொரு இலக்கு. இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் 'பழைய கொஸ்டின் பேப்பர் இருக்கா?' என்பதுதான் முதல் பேச்சு. இந்திய அணுமின் கழகம் (என்பிசிஐஎல்) ஆள் எடுக்கும் அறிவிப்பை வெளியிடும்போதும் இதே கதைதான். வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் வந்து விழும். அடுத்த மெசேஜ், 'இதுக்கு எந்த கைடு நல்லது?'

கேள்வியில் தப்பில்லை. வேலைக்குள் நுழைய எழுத்துத் தேர்வு இருக்கிறது. அதற்கு கைடும் இருக்கிறது. ஆனால், அது வாசல்படி மட்டும்தான். உள்ளே போன பிறகு, உலையை இயக்கும் பொறுப்பில் உட்கார இன்னொரு தேர்வு காத்திருக்கிறது. அதுதான் உரிமத் தேர்வு. முதல் தேர்வுக்குப் படித்த அதே முறையில் அதற்கும் படித்துவிடலாம் என்று நினைத்தால் சிக்கல்தான். அந்தச் சிக்கல் தேர்வு எழுதுபவரோடு நிற்காது என்பதால், இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

உள்ளே போக எத்தனை வழி?

பொறியியல் பட்டதாரிகளுக்கு கேட் மதிப்பெண், நேர்முகத் தேர்வு வழியாக 'எக்ஸிகியூட்டிவ் ட்ரெய்னி' பணி. சேர்ந்ததும் ஓராண்டு வகுப்பறைப் பயிற்சி. டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தவர்களுக்கும், ஐடிஐ, பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கும் 'ஸ்டைபண்டரி ட்ரெய்னி' என்ற வழி. பிளஸ் டூ தகுதியில் ஆபரேட்டர் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு கணிதம், அறிவியல், பொது அறிவு கொண்ட முதல்நிலைத் தேர்வு; தவறான விடைக்கு மைனஸ் மார்க். அதில் தேறினால் அடுத்த நிலைத் தேர்வு. உதவித்தொகையோடு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பயிற்சி. விதிமுறைகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அசல் அறிவிப்பைப் படிப்பதே நல்லது.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டுப்பாட்டு அறையின் மேல்நிலைப் பொறுப்புகளுக்குப் பெரும்பாலும் பொறியியல் பட்டதாரிகள்தான் வருகிறார்கள். டிப்ளமோ, ஐடிஐ, பிளஸ் டூ வழியில் வருபவர்கள் பம்ப், வால்வு, டர்பைன் என்று களத்தில் தொடங்குகிறார்கள். ஆனால் எந்தப் படியில் நின்றாலும், அந்தப் படிக்குரிய தகுதித் தேர்வைத் தாண்டாமல் பொறுப்பு கைக்கு வராது.

உரிமம் என்றால் என்ன?

இந்தியாவில் அணு உலைகளைக் கண்காணிப்பது 1983-ல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஷிஃப்ட் சார்ஜ் இன்ஜினியர், அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர், கன்ட்ரோல் இன்ஜினியர் போன்ற பொறுப்புகளில் உட்காருபவர்களுக்கு இந்த வாரியத்தின் நெறிமுறைப்படி உரிமம் கட்டாயம்.

எழுத்துத் தேர்வு ஒரு பகுதி மட்டுமே. அடுத்தது 'வாக்-த்ரூ'. தேர்வாளர் கூடவே நடந்து வருவார். 'இந்த வால்வு எங்கே போகிறது? இதை மூடினால் எது நிற்கும்? பவர் போனால் இது திறக்குமா, மூடுமா?' என்று நின்ற இடத்திலேயே கேட்பார். பிறகு சிமுலேட்டர். கட்டுப்பாட்டு அறையின் அச்சு அசல் நகல் அது. அதில் திடீரென்று ஒரு கோளாறு வரும். என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துக் கையாள வேண்டும். கடைசியில் நிபுணர் குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. உடல் தகுதிச் சோதனையும் உண்டு.

இவ்வளவும் தாண்டிக் கிடைக்கும் உரிமம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு மறுபடியும் தகுதியை நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தக் காலம் ஆறு ஆண்டு என்றாலும், இடையில் மறுதகுதிப் பயிற்சியும் சோதனையும் தொடர்ந்துகொண்டே இருக்கும். 'ஒரு தடவை பாஸ் பண்ணிட்டா போதும், லைஃப் செட்டில்' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அடுப்பை அணைத்தாலும் கொதிக்கும் பால்

மனப்பாடம் ஏன் போதாது? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் புரியும். விறகை இழுத்துப்போட்ட பிறகும் கனத்த சட்டியில் இருக்கும் சூடு உடனே அடங்குவதில்லை. அந்த நேரத்தில் கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். கிண்டுபவர் கையைச் சும்மா விடமாட்டார்.

அணு உலையிலும் அணைத்த பிறகு சூடு இருக்கும். ஆனால் காரணம் வேறு. சட்டியில் இருப்பது தேங்கிய வெப்பம். உலையில் தொடர்வினை நின்ற பிறகும், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே புதிதாக வெப்பத்தை உண்டாக்குகின்றன. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட் மின்சாரம் தருபவை. அதற்காக ஒவ்வொன்றும் சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. உலையை நிறுத்திய கணத்தில் இந்தச் சிதைவு வெப்பம் முழுத் திறனில் ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 200 மெகாவாட். ஒரு நாள் கழிந்த பிறகும் 10 மெகாவாட்டுக்குக் குறையாத வெப்பம் வந்துகொண்டிருக்கும். அதை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சுனாமி வந்து மின்சாரம் போனது. சிதைவு வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் மூன்று உலைகள் உருகின.

'சிதைவு வெப்பம் எத்தனை சதவீதம்?' என்பது கைடில் இருக்கும் கேள்வி. 'பம்ப் நின்றுவிட்டது, அடுத்த பத்து நிமிடத்தில் எந்தெந்த அளவீடு எந்தப் பக்கம் நகரும், ஏன்?' என்பது உரிமத் தேர்வின் பாணி. முதல் கேள்விக்கு ஒரு எண் போதும். இரண்டாவதற்கு உலை முழுவதும் மனசுக்குள் ஓட வேண்டும்.

விளக்கு ஏமாற்றிய அதிகாலை

1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு. உலை தானாக நின்றது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடவில்லை. அது வழியாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது.

ஆனால் பேனலில் இருந்த விளக்கைப் பார்த்தவர்கள், வால்வு மூடிவிட்டது என்றே நினைத்தார்கள். காரணம் எளிது. 'மூடு' என்ற உத்தரவு போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு உண்மையிலேயே மூடியதா என்பதை அது காட்டவில்லை. இன்னொரு மீட்டரில் நீர்மட்டம் உயர்வதுபோலத் தெரிந்தது. 'தண்ணீர் அதிகமாகிவிட்டது' என்று முடிவுசெய்து, அவசரகாலத் தண்ணீர் வரத்தைக் குறைத்தார்கள். உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியது.

கவனிக்க வேண்டியது, அங்கே இருந்தவர்கள் அரைகுறையாகப் படித்தவர்கள் இல்லை. உரிமத் தேர்வில் தேறியவர்கள்தான். விபத்தை ஆராய்ந்த கெமனி ஆணையம், அதே ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கையில் பயிற்சியில் இருந்த குறைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகுதான் உலகமெங்கும் உரிமத் தேர்வுகளின் போக்கு மாறியது. சிமுலேட்டர் பயிற்சிக்கு முக்கியத்துவம் கூடியது. ஒரு மீட்டரை மட்டும் நம்பாமல், இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம் பாடமானது.

சத்திரப்பட்டியில் இருக்கும் பாடம்

இந்தப் பழக்கம் ராஜபாளையம் வட்டாரத்துக்குப் புதிதா என்றால், இல்லை. சத்திரப்பட்டி, மருத்துவப் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். துணியை வெளுக்கும் வேலைக்கு நீராவி வேண்டும்; அதற்கு பாய்லர் வேண்டும். பாய்லரை இயக்குபவர் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது கேஜ் கிளாஸ். விவரமான பாய்லர்காரர் ஷிஃப்டுக்கு வந்ததும் அதைச் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார். காக்கைத் திறந்து, தண்ணீரையும் நீராவியையும் வெளியே விட்டுப் பார்ப்பார். மட்டம் மறுபடி சரியாக ஏறி நிற்கிறதா என்று கவனிப்பார். ஏன்னா, குழாய் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் இல்லாதபோதும் கண்ணாடி 'இருக்கு' என்று காட்டும். மீட்டர் சொல்வதை நம்புவதற்கு முன்னால், அந்த மீட்டரையே சோதிப்பது. த்ரீ மைல் ஐலண்டில் அன்றைக்குத் தேவைப்பட்டது இதுதான்.

நூற்பாலைகளிலும் இதே அறிவு இருக்கிறது. பேரிங் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டார ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களில் பலருடைய அப்பாவோ சித்தப்பாவோ இப்படி மெஷினோடு வாழ்ந்தவர்தான். ஆனால் மகன், மகள் போட்டித் தேர்வுக்கு உட்காரும்போது அந்த அறிவை வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு, ஷார்ட்கட் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். கையில் இருக்கும் பலத்தை விட்டுவிட்டு, எல்லோரிடமும் இருக்கும் புத்தகத்தை நம்புகிறார்கள்.

ஆங்கிலம் தடையா?

தமிழ் வழியில் படித்தவர்களின் பெரிய பயம் இதுதான். விஷயம் தெரிந்திருக்கும், வாக்-த்ரூவில் கேட்டால் வாய் வராது. இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அதே நேரத்தில், அங்கே எதிர்பார்க்கப்படுவது மேடைப்பேச்சு ஆங்கிலம் இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் உத்தரவு சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். சொன்னவர் 'சரி' என்று உறுதிசெய்வார். பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். குறுகிய, தெளிவான வாக்கியங்கள்தான் அங்கே பேச்சு. அதைப் பழகிக்கொள்ள முடியும். முதலில் தமிழில் விளக்கத் தெரிய வேண்டும். தமிழில் காரணம் சொல்லத் தெரியாதவர் ஆங்கிலத்தில் வரையறையை ஒப்பித்தாலும், இரண்டாவது 'ஏன்' வந்ததும் மாட்டிக்கொள்வார். உலையின் அடிப்படைகளை நல்ல தமிழில் விளக்கும் பாடநூல்களும் வீடியோக்களும் தேவை. பாலிடெக்னிக்குகளும் அணுமின் கழகமும் சேர்ந்து செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலை இது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்பது 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இலக்கு. அப்போது நாட்டில் இருந்தது 10 ஜிகாவாட்டுக்கும் குறைவு. கூடங்குளத்தில் 3, 4-ம் அலகுகளுக்கு 2017-லும், 5, 6-ம் அலகுகளுக்கு 2021-லும் கட்டுமானம் தொடங்கியது. உலை கூடக்கூட ஷிஃப்டுகள் கூடும்; உரிமம் பெற்றவர்களின் தேவையும் கூடும்.

ஆள் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் எந்தத் தேர்வும் தளரும். கோச்சிங் சந்தையும் அப்போதுதான் சூடுபிடிக்கும். இந்த ஒரு தேர்வில் மட்டும் அது நடக்கவே கூடாது. கூடங்குளத்தை ஆதரிப்பவர்களும் இடிந்தகரையில் எதிர்த்துப் போராடியவர்களும் பல விஷயங்களில் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் 'நடுராத்திரி ஷிஃப்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் விஷயம் தெரிந்தவரா?' என்ற கேள்வி இரண்டு தரப்புக்கும் பொது. ஆகவே, தேர்வு கடினமாக இருப்பது படிப்பவர்களுக்கு எதிரானது இல்லை. அவர்களுடைய சொந்த ஊருக்குமான பாதுகாப்பு அது.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் நுழைவுத் தேர்வுக்கு கைடு வாங்கட்டும், பழைய வினாத்தாளும் போடட்டும். கூடவே இன்னொன்றும் செய்யலாம். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மெஷினுக்கு முன்னால் நிற்பது. வீட்டு மோட்டாரோ, மில் கம்ப்ரஸரோ, கல்லூரி லேப் பம்போ, எதுவானாலும் சரி. 'இது நின்றால் என்ன ஆகும்? இந்த மீட்டர் தப்பாகக் காட்டினால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?' என்று பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாய்விட்டு விளக்குவது. பதில் தடுமாறினால், அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.