அலுவலகப் பிழைக்கு மணமக்கள் அபராதம் கட்டுவதா?

ஆவணி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிவிட்டு, லீவு முடிந்து புரட்டாசிக்குள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். அதன்பிறகு பெண்ணும் அவள் அப்பாவும் ஒரு பிளாஸ்டிக் பைலைத் தூக்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம், மாநகராட்சி, தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், நோட்டரி என்று ஏறி இறங்குகிறார்கள். மதுரை நகரில் மட்டுமல்ல, மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் இது இன்று பழகிப்போன காட்சி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மனைவியோடு போய்ச் சேரக் காத்திருக்கும் கணவன்மாரின் கதையும் இதேதான்.

‘தூதரகம் இழுத்தடிக்கிறது’ என்றுதான் ஊரில் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. யாரை உள்ளே விடுவது, என்னென்ன ஆதாரம் கேட்பது என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உரிமை. அதில் நாம் சொல்வதற்கு அதிகமில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் தாள்களில் முக்கியமானவை எல்லாம் நம் அலுவலகங்களில் எழுதப்பட்டு, நம் அதிகாரிகள் கையெழுத்திட்டுக் கொடுத்தவை. அவற்றில் உள்ள பிழைதான் பல குடும்பங்களை மாதக்கணக்கில் பிரித்து வைக்கிறது. அரசு அலுவலகம் செய்த பிழையை அந்த அலுவலகமே, தன் செலவில், குறித்த நாளுக்குள் திருத்தித் தர வேண்டும். இன்று அந்தச் சுமை முழுவதும் மணமக்கள் தலையில் இருக்கிறது.

வெளிநாடுகள் கேட்பது என்ன என்று முதலில் பார்ப்போம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் தன் துணைக்காக முதலில் ஐ-130 மனு போட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அதற்குக் கட்டணம் இணையத்தில் 625 டாலர், தாளில் 675 டாலர். மனு ஏற்கப்பட்டபின் விசா கட்டணம் 325 டாலர், பொருளாதார ஆதரவு உறுதிமொழியைப் பரிசீலிக்க 120 டாலர். அழைப்பவரின் வருமானம் பொதுவாக அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் நற்சான்று எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, அவை சரி என்று ஏற்கப்பட்ட பிறகே நேர்காணலுக்கு வரிசை. அந்த நேர்காணலும் சென்னையில் கிடையாது. பெரும்பாலும் மும்பை போக வேண்டும். பிரிட்டன் 2024 ஏப்ரல் 11 முதல் அழைப்பவரின் குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்திவிட்டது. அதோடு ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. ஜெர்மனிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏ1 நிலை ஜெர்மன் தேற வேண்டும்.

வருமானம் போதவில்லை என்றால் இன்னும் உழைத்துச் சம்பாதிக்கலாம். மொழி தெரியவில்லை என்றால் படித்துக்கொள்ளலாம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கிறது. கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறுகிறது. லட்சுமி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ‘கே’ போட்ட லட்சுமி, ஆதாரில் ‘டி-சி-எச்’ போட்ட லட்சுமி ஆகிவிடுகிறாள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள். திருமணச் சான்றிதழில் கணவர் பெயரின் முதலெழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஒரே பெண். தாளில் நான்கு பேர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் ஆளின் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது தமிழகத்தில் எத்தனை குடும்பங்கள் பதறின என்பது நினைவிருக்கும். பெயரிடும் நம் வழக்கம் குற்றமல்ல. அந்த வழக்கத்தை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதுதான் குற்றம்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பைப் பதிவது கட்டாயம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ‘பெண் குழந்தை’ என்ற பதிவு அப்படியே 25 ஆண்டுகள் கிடந்து, விசா நேரத்தில்தான் கண்ணில் படுகிறது. பெயரைச் சேர்க்க 15 ஆண்டு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டியவர்களுக்கான காலக்கெடு மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்படி நீட்டித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்பதே அந்த வரம்பு மக்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பதற்குச் சாட்சி. வீட்டிலேயே பிரசவமாகிப் பதிவே இல்லாத கிராமத்துப் பெண் இன்னொரு சுற்று அலைய வேண்டும். பிறப்புப் பதிவு இல்லை என்று முதலில் சான்று வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழையும் பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்தாக வேண்டும்.

திருமணப் பதிவுக்கு வருவோம். எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. 2009-இல் தமிழகம் தனிச்சட்டமே கொண்டுவந்தது. எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். சட்டம் நல்ல சட்டம். ஆனால் நம் ஊரில் மண்டபத்துக்கு ஓராண்டு முன்பே முன்பணம் கட்டுகிறவர்கள்கூடப் பதிவு பற்றி யோசிப்பதில்லை. கோயில் ரசீது போதும், தேவாலயப் பதிவேடு போதும், ஜமாஅத் நிக்காஹ் புத்தகம் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, ‘இருவரும் நேரில் வரவேண்டும்’ என்று அலுவலகத்தில் சொல்லும்போதுதான் தலையில் இடி விழுகிறது.

இதற்கு வழி காட்டியதும் மதுரைதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 2022-இல் ஒரு வழக்கு வந்தது. குமரி மாவட்டத்துப் பெண்ணும் அமெரிக்காவில் வாழும் மணமகனும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணவாளக்குறிச்சி சார்பதிவாளரிடம் நேரில் வந்து அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். 30 நாள் கடந்தும் திருமணம் நடத்தி வைக்கப்படவில்லை. விடுமுறை முடிந்து மணமகன் திரும்பிப் போய்விட்டார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த ஜூலை மாதம் வழங்கிய தீர்ப்பில், மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொலி வழியே திருமணத்தை நடத்தி வைக்க உத்தரவிட்டார். மணமகன் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தை ஏற்று, இருவருக்குமாகப் பெண்ணே பதிவேட்டில் கையெழுத்திடவும் அனுமதித்தார். மணமக்கள் விரும்பும் எந்த முறையிலும் திருமணத்தை நடத்தலாம் என்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே இடம் தருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இன்றைய வாழ்க்கைக்கு ஒரு வாசல் இருப்பதை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு தம்பதியும் ரிட் மனு போட்டுத்தான் அந்த வாசலைத் திறக்க வேண்டும் என்றால் அது நிர்வாகமா? பதிவுத் துறை தெளிவான வழிகாட்டு நெறியாக அதை எல்லாச் சார்பதிவாளர்களுக்கும் எழுதி அனுப்ப வேண்டும்.

போலீஸ் நற்சான்று, பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு நிலைமை முன்பைவிட மேல். 2007-இல் மதுரையில் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் வந்தபின் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அலைச்சல் குறைந்தது. நற்சான்றுக்கு இணையத்திலேயே 500 ரூபாய் கட்டி நாள் குறித்துக்கொள்ளலாம். ஆனால் பல ஐரோப்பிய நாடுகள் கேட்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு இன்னும் சென்னையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் செல்லும் அந்த முத்திரைக்கான ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 2005-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு தாளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட 450 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்ப வேண்டும்; அதற்கு இடையில் ஏஜென்சிக்காரர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும்.

இந்த இடைவெளிகளில்தான் புரோக்கர் பிழைக்கிறார். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய். அதை ‘முடித்துக் கொடுக்க’ ஆயிரங்கள். எந்தத் தாள் வேண்டும், எந்தத் தாள் வேண்டாம் என்று அலுவலகத்தில் யாரும் ஒரே பதிலாகச் சொல்லாததால், தேவையே இல்லாத அபிடவிட்டுகளையும் வாங்கிக் குவிக்கிறார்கள். ‘இந்த இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கும் தொழில் செழிக்கிறது. தப்பாக எழுதிய குமாஸ்தாவுக்கு ஒரு பைசா செலவில்லை.

கெடுபிடி தேவைதானே, போலிகள் புகுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையைச் சேர்ந்தவர்களுக்குப் போலி ஆவணங்களின்பேரில் பாஸ்போர்ட் கிடைத்த வழக்கை கியூ பிரிவு விசாரித்தது இதே மதுரையில்தான். விசாவுக்காகவே நடக்கும் பொய்த் திருமணங்களும் இல்லாமல் இல்லை. ஆகவே சரிபார்ப்பைத் தளர்த்தச் சொல்லி நாம் வாதாடவில்லை. ஒரு சான்றிதழ் முதல் தடவையே சரியாக எழுதப்பட்டிருந்தால் அதைச் சரிபார்ப்பது எளிது. போலியைக் கண்டுபிடிப்பதும் எளிது. நேர்வழி முள்வேலியாக இருக்கும் ஊரில்தான் போலி ஆவணக்காரனுக்குக் கிராக்கி. உண்மையான தம்பதியின் தாள்களிலேயே பெயர் நான்கு விதமாக இருக்கும்போது, பொய்யான தாளை எந்த அதிகாரி பிரித்தறிவார்?

‘ஊரை விட்டுப் போகிறவர்களுக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும்’ என்ற முணுமுணுப்பும் உண்டு. இதே பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும்தான் நாளைக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் தேவைப்படுகின்றன. விசா நேரத்தில் வெளிப்படும் பிழை, ஊரை விட்டு நகராதவர்களின் தாள்களிலும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பெண்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், வெளிநாட்டு நீதிமன்றத்தில் அவள் கையில் இருக்கும் முதல் ஆயுதம் திருமணச் சான்றிதழ்தான். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் இடையிலான எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2024-இல் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். அதே சமயம், பெண்ணின் அடையாளத்தையே கணவனோடு முடிச்சுப் போட்டுவிடவும் கூடாது. மனைவி பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பிக்கக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது, அலுவலகங்களின் மனம் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

செய்ய வேண்டியவை எட்டாக் கனிகள் அல்ல. திருமணத்தைப் பதியும்போது மணமக்களின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, கையெழுத்துக்கு முன் வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். திருப்பரங்குன்றம் போல ஒரே நாளில் பல திருமணங்கள் நடக்கும் இடங்களில், முகூர்த்த நாள்களில் பதிவுத் துறை ஒரு மேசை போட வேண்டும். தாலி கட்டிய கையோடு சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடலாம். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க உள்ள வரம்பை நிரந்தரமாக நீக்க மத்திய அரசை மாநிலம் வலியுறுத்த வேண்டும். பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி பத்திரத்துக்குப் பதிலாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரே படிவத்தில் வட்டாட்சியரே சான்று தர வேண்டும். அப்போஸ்டில் வசதியை வெளியுறவு அமைச்சகம் மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாமதத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-இலும் கேரளம் 2012-இலும் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராத அலுவலருக்கு அங்கே அபராதம் உண்டு. அப்படியொரு சட்டத்துக்கான கோரிக்கை தமிழகத்தில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. அதன் பலன் சான்றிதழ் கேட்டு நிற்பவர் கையில் வந்து சேர வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. திங்கள்தோறும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பதிவுத் துறை, வருவாய்த் துறை, மாநகராட்சி, காவல் துறை நான்கையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, சான்றிதழ்த் திருத்தத்துக்கென்று அங்கே ஒரு தனிப் பிரிவைத் தொடங்க ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். எந்தத் திருத்தத்துக்கு என்ன கட்டணம், எத்தனை நாள், யார் பொறுப்பு என்று ஒரு பலகை எழுதி வைக்கட்டும். பிழை அலுவலகத்துடையது என்றால் கட்டணம் இல்லை என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். மாவட்ட நிர்வாகம் அடுத்த திங்கட்கிழமையே இதைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும்.