டோக்கன் கிழிப்பவருக்கு முதலாளி யார்?

2025 ஜூலை மாதம் சென்னை மாநகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாநகராட்சியின் வாகன நிறுத்துமிடங்களில் கட்டணம் வசூலித்துவந்த டெக்ஸ்கோவின், அதாவது தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின், ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதிய ஒப்பந்ததாரர் வரும்வரை யாரும் கட்டணம் கட்டத் தேவையில்லை. யாராவது கேட்டால் 1913-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். கார் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் குதூகலத்தோடு வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டார்கள். நான் படித்த செய்திகளில் இல்லாத ஒரு வரியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நேற்றுவரை அங்கே நின்று வசூல் செய்தவர்கள் இன்று என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு வருவதற்கு வீட்டுக் காரணம் உண்டு. ராயபுரத்தில் வளர்ந்தவள் நான். என் சித்தப்பா பல வருடங்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு பார்க்கிங்கில் டோக்கன் கிழித்தவர். டெக்ஸ்கோ அல்ல, அதற்கும் முந்தைய காலம். யாரிடம் வேலை பார்த்தார் என்ற பெயர் இங்கே தேவையில்லை. இடத்தை எடுத்தவர் ஒருவர், அவரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். அந்த இன்னொருவரின் ஆள்தான் சித்தப்பாவுக்குக் கூலி கொடுப்பவர்.

காலையில் டோக்கன் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே இன்றைக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். மழை பெய்தாலும் கடையடைப்பு என்றாலும் அந்தத் தொகை குறையாது. வசூல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் டோக்கனில் இருப்பதைவிடப் பத்து ரூபாய் சேர்த்துக் கேட்பார். வண்டிக்காரர் கத்துவார். "திருடன்" என்ற சொல்லைக் கேட்காமல் அவருக்கு ஒரு நாள் போனதில்லை. கூடுதலாக வாங்கிய பத்து ரூபாய் எங்கே போகிறது என்று கத்திய யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் காண்ட்ராக்ட் மாறியது. புதியவர் தன் ஆட்களோடு வந்தார். சித்தப்பாவை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை, அவருக்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், நோட்டீஸ் கொடுத்தார்களா என்று விவரம் தெரிந்தவள்போலக் கேட்டேன். "இன்னாமா நோட்டீசு? நான் யாருகிட்ட வேல பாத்தேன்னே எனக்குத் தெரியாது" என்றார். இத்தனை வருடம் ஆராய்ச்சி என்று படித்த பிறகும், ஒப்பந்தமுறைக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பார்க்கிங் டெண்டர் பற்றிய பொதுப்பேச்சு எப்போதும் இரண்டு விஷயங்களில் நின்றுவிடுகிறது. கட்டணம் எவ்வளவு, வசூலில் முறைகேடு உண்டா? இரண்டும் வண்டி வைத்திருப்பவரின் கேள்விகள். வெயிலில் நிற்பவருக்கு முதலாளி யார் என்பது மூன்றாவது கேள்வி. அதை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த அறிவிப்பு வந்த அடுத்த மாதமே இதே கேள்வி ரிப்பன் மாளிகை வாசலுக்கு வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப்பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெரும்பாலும் தலித் பெண்களான தொழிலாளர்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் 13 நாள் நடைபாதையில் அமர்ந்து போராடினார்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த தங்களுக்கு, ஒப்பந்த நிறுவனத்திடம் போனால் கூலி 17,000-க்கும் கீழே இறங்கிவிடும் என்றார்கள். சாலையையும் நடைபாதையையும் மறிக்கிறார்கள் என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய மண்டலத்தின் தொழிலாளர்களுக்கும்தான் இது நடந்தது.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். சாலையோரத்தில் கார் நிற்பதற்கு ஒரு மணிநேர விலை உண்டு. 2019இல் இந்த நகரம் அதை 20 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தச் சாலையைக் கூட்டியவர்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்தால் அது ஆக்கிரமிப்பு. பொதுச்சாலை யாருக்கு என்பது நம் அரசியலுக்குப் புதிய கேள்வி அல்ல. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. அதே காலத்தில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் வாதாடியதும், அரசுப் பணத்தில் போட்ட சாலை எல்லோருக்கும் பொது என்பதற்காகத்தான்.

இப்போது என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள், படிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவுக்கு மாநகராட்சியில் நிரந்தர வேலை கிடைத்தது. தெரு கூட்டும் வேலைதான். சித்தப்பா வேலைக்கு வந்த நேரத்தில் அந்தக் கதவு மூடியிருந்தது. அப்பாவிடம் சம்பளச் சான்றிதழ் இருந்ததால் என் முதுகலைப் படிப்புக்கு வங்கிக் கடன் கிடைத்தது. வருங்கால வைப்புநிதியில் முன்பணம் எடுத்து விடுதிக் கட்டணம் கட்டினார். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அப்பாவுக்கு விடுப்பு இருந்தது. சித்தப்பாவிடம் இதில் ஒன்றுகூட இல்லை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடும் அவர் மகன் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு இன்று உணவு டெலிவரிக்கு ஓடுகிறான். இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தூரம் அறிவில் இல்லை, உழைப்பிலும் இல்லை. ஒரு நியமன ஆணையில் இருக்கிறது.

ஆகஸ்ட் போராட்டத்தின்போது நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. பணிநிரந்தரம் கேட்பது, அந்தத் தொழிலிலேயே நம் மக்களைக் கட்டிப்போடுவது ஆகாதா? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். குலத்தொழிலை எதிர்த்து வளர்ந்த இயக்கம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. ஆனால் என் வீட்டுச் சாட்சி வேறு மாதிரி இருக்கிறது. நிரந்தர வேலை அப்பாவை அதே துடைப்பத்தோடு வைத்திருந்தது உண்மை. அடுத்த தலைமுறையின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி வைத்ததும் அதே வேலைதான். ஒப்பந்தமுறை யாரையும் சாதித் தொழிலிலிருந்து விடுவிப்பதில்லை. தொழிலை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏறிச்செல்லும் ஏணியை மட்டும் எடுத்துவிடுகிறது.

சமூகநீதி பேசும் மாநிலத்தில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மாநகராட்சியில் நிரந்தரப் பணியிடம் உருவானால் அதற்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடும் இனச்சுழற்சியும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதில் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இந்த 69ஐக் காப்பாற்ற 1993இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை வரை போனோம். அவ்வளவு பெரிய கோட்டையை ஒரு டெண்டர் படிவம் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. தெரு அதேதான், வேலையும் அதேதான். ஆனால் ஒப்பந்த நிறுவனம் எடுக்கும் ஆளுக்கு இனச்சுழற்சி கிடையாது. கீழே கூலிக்கு நிற்பவர்கள் நம்மவர்களாக இருப்பார்கள், மேலே மேற்பார்வையாளரும் கணக்காளரும் யாருடைய உறவினர் என்பதை யாரும் கேட்க முடியாது. டெண்டர் எடுக்கவே பெரும் முன்வைப்புத் தொகையும் முன் அனுபவமும் வேண்டும் என்றால், தலைமுறைச் சொத்து உள்ளவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்தமுறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அப்படித் தடைசெய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எவையெல்லாம் மையப் பணி ஆகாது என்ற பட்டியலைப் பாருங்கள்: துப்புரவு, காவல், சமையற்கூடம், சுமை ஏற்றி இறக்குவது, தோட்ட வேலை, சலவை. சாதி யாருக்கு எந்த வேலையை ஒதுக்கியது என்று தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலை வெறும் சட்டமொழியாகப் படிக்க முடியாது.

அந்தப் பிரிவிலேயே ஒரு சிறு திறப்பும் இருக்கிறது. நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. அப்படியானால் மாநகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? தெருவைக் கூட்டவும் பராமரிக்கவும் ஒழுங்குபடுத்தவும்தானே? நம் சங்கங்களும் வழக்கறிஞர்களும் இந்தக் கேள்வியைக் கையிலெடுக்க வேண்டும்.

தனியாரிடம் கொடுத்தால் திறமையாக நடக்கும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைக் காட்ட வேண்டும். 2008 டிசம்பரில் அந்த நகரம் தன் தெருக்களில் இருந்த சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. கிடைத்த தொகை சுமார் 115 கோடி டாலர். அடுத்த வருடமே அந்த நகரத்தின் தலைமை ஆய்வாளர், ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். திருவிழாவுக்காகவோ சாலைப் பணிக்காகவோ தெருவை மூடினால், மீட்டருக்கு வரவேண்டிய வருமானத்தை நகரமே நிறுவனத்துக்கு ஈடுகட்ட வேண்டும். தன் தெருவை மூடுவதற்கு நகரம் தண்டம் கட்டுகிறது.

இதை ராயபுரத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் சாவு வீட்டுக்குப் பந்தல் போடுவார்கள். கல்யாணத்துக்கு மேடை போடுவார்கள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படம் வைத்து மைக் கட்டுவார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் வாழ்கிறவர்களுக்குத் தெருதான் கூடம். மீன் கூடையோடு உட்காரும் அக்காவுக்கு அதுதான் கடை. அவருக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது, கோடு போட்ட இடம்தான் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையோரத்தில் வரிசையாக நிற்கின்றன. கழிப்பறைகூட இல்லாமல் கேபினுக்குள் தூங்கும் ஓட்டுநர்மீது எனக்குக் கோபம் இல்லை. சரக்குக்குச் சொந்தக்காரர்கள் எங்கள் சாலையைக் கிடங்காகப் பயன்படுத்துவதற்கு யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொது இடத்தில் கார் நிறுத்துபவர் காசு கட்டத்தான் வேண்டும். நடப்பவரும் பேருந்தில் போகிறவரும் அவருக்கு இலவச இடம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. மாநகராட்சி நேரடியாக நடத்தினால் ஊழல் நடக்காதா என்று கேட்பீர்கள். நடக்கலாம். ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இருக்கிறார், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, வேலை செய்பவருக்குச் சங்கம் இருக்க முடியும். உள்குத்தகைக்காரரிடம் எதை வைத்துக் கேட்பது? கியூஆர் கோடு வந்தால் ஆளே தேவையில்லை என்றும் சொல்வார்கள். கோடு பணத்தை வாங்கும். குறுக்கே நிற்கும் வண்டியை நகர்த்தச் சொல்ல ஓர் ஆள் வெயிலில் நிற்கத்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த டெண்டர் பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டியவை இவை. பார்க்கிங் ஊழியர்களை மாநகராட்சியே இனச்சுழற்சியோடு நேரடியாக நியமிக்க வேண்டும். அதுவரை ஒப்பந்தம் எத்தனை முறை மாறினாலும் ஏற்கெனவே வேலை செய்தவர்களைத் தொடரச் செய்வது கட்டாய நிபந்தனையாக வேண்டும். தினசரி டார்கெட் வைப்பதும் கூலியில் பிடிப்பதும் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் குற்றமாக வேண்டும். தெருவாரியாக வசூல் எவ்வளவு என்று வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், அதில் ஒரு பங்கு அதே வார்டின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் போக வேண்டும். எந்தத் தெருவில் கோடு போடலாம் என்பதை அங்கே வாழ்பவர்களையும் வியாபாரம் செய்பவர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பார்க்கிங்கில் ஒருவர் உங்களிடம் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கேள்வி கேளுங்கள், தவறில்லை. "ஏன் அதிகம் வாங்குறீங்க?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அண்ணே, உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க? டார்கெட் எவ்வளவு? பி.எஃப். பிடிக்கிறாங்களா?" என்றும் கேளுங்கள். 1913-க்கு அழைத்தால் அந்தப் பதிலையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். என் சித்தப்பா அங்கே நின்ற அத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவரிடம் சில்லறை கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை.