காளிக்கு எத்தனை ஹிட் பாயின்ட்?

"விளையாட்டுல எதுக்கு பாஸ் பாலிடிக்ஸ்?"

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு போர்டு கேம் கஃபேயில் காதில் விழுந்த கேள்வி. கேட்டவர் எங்கள் குழுவில் மூத்தவர். கையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024 பதிப்பு விதிப்புத்தகம். அதில் 'ரேஸ்' இருந்த இடத்தில் 'ஸ்பீஷீஸ்' வந்துவிட்டது, ஓர்க்குகள் என்ற கற்பனை முரட்டு இனத்தார் பிறவியிலேயே பொல்லாதவர்கள் என்ற பழைய நியாயமும் போய்விட்டது. மனிதர் நொந்துபோயிருந்தார். "முன்னாடியெல்லாம் ஜாலியா விளையாடிட்டு இருந்தோம். இப்ப வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்குக் காபிக்கு அவர்தான் காசு கொடுப்பதாக இருந்தது, அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்தப் புலம்பலை நான் கேட்பது முதல் முறை இல்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொற்காலம் ஒன்று இருந்ததாம். அப்போது விளையாட்டு விளையாட்டாகவே இருந்ததாம். இப்போதுதான் பெண்ணியவாதிகளும் கறுப்பர்களும் நம்மைப் போன்ற பழுப்பு நிறத்தவர்களும் சுவரேறிக் குதித்து உள்ளே அரசியலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம். சொல்பவர் மைலாப்பூரில் பிறந்து வளர்ந்த பழுப்பு நிறத்தவர் என்பது தனிக் கதை.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். டன்ஜன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, வாள் வீசலாமா, பேரம் பேசலாமா, ஓடிவிடலாமா என்று முடிவெடுப்பார்கள். முடிவு பலித்ததா என்பதை 20 முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டிஎஸ்ஆர் என்ற கம்பெனி வெளியிட்டது. கோடை விடுமுறை மதியங்களை இதைவிட நன்றாகக் கழிக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சரி, அந்தப் பொற்காலத்துக்கே போவோம். 1980இல் அதே டிஎஸ்ஆர் ஒரு புத்தகம் போட்டது. பெயர் டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ். உலகத்துக் கடவுள்களையெல்லாம் விளையாட்டுக்குள் கொண்டுவரும் புத்தகம். கிரேக்கர், எகிப்தியர், நார்ஸ் என்று வரிசையாகப் போய், இந்தியர் என்றும் ஓர் அத்தியாயம். இந்திரன் இருக்கிறான், அக்கினி இருக்கிறான், எமன் இருக்கிறான், லட்சுமி இருக்கிறாள். நம்ம முருகன்கூட கார்த்திகேயன் என்ற பெயரில் இருக்கிறான். ஒவ்வொருவருக்கும் எதிரே ஆர்மர் கிளாஸ், அதாவது தற்காப்பு, இவ்வளவு, ஹிட் பாயின்ட் இவ்வளவு என்று எண்கள். ஹிட் பாயின்ட் என்றால், எவ்வளவு அடி வாங்கினால் சாவார் என்ற கணக்கு. அதாவது போதுமான வீரர்களும் போதுமான பகடை அதிர்ஷ்டமும் இருந்தால் விஸ்கான்சின் பையன் ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் பீட்சா வருவதற்குள் எமனைக் கொன்றுவிடலாம்.

இதே அத்தியாயத்தில்தான் காளி வருகிறாள். அவளுக்குக் கொடுத்த அலைன்மென்ட், அதாவது குணச் சான்றிதழ், 'கேயாட்டிக் ஈவில்'. ஒழுங்கும் இல்லாத, அறமும் இல்லாத முழுத் தீமை. ஊர் எல்லையில் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு அம்மை போட்டால் வேண்டிக்கொண்டு, காளியம்மா என்று கூப்பிடுகிற தெய்வத்துக்கு லேக் ஜெனீவாவில் உட்கார்ந்து கொடுத்த சான்றிதழ் இது.

இனி கேள்வி. அந்தப் புத்தகத்தில் இயேசுவுக்கு எத்தனை ஹிட் பாயின்ட்? தேடிப் பாருங்கள். கிடைக்காது. அல்லாவும் இல்லை, யூதர்களின் கடவுளும் இல்லை. சீனக் கடவுள்கள் உண்டு, ஜப்பானியக் கடவுள்கள் உண்டு, அமெரிக்கப் பூர்வகுடிகளின் கடவுள்கள் உண்டு. இன்றைக்கும் தினமும் யாரோ கும்பிடுகிற தெய்வங்கள்தான் இவையெல்லாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடுகிற சாமியை அடிக்கும் கணக்கில் சேர்க்கவில்லை, ஏழு கடல் தாண்டி இருப்பவர் கும்பிடுகிற சாமியைச் சேர்த்துவிட்டார்கள். யாருடைய தெய்வம் தெய்வம், யாருடைய தெய்வம் வேட்டையாட வசதியான மிருகம் என்று தீர்மானித்தாயிற்று. இது அரசியல் இல்லை என்றால், அரசியல் என்பது வார்டு கவுன்சிலர் தேர்தல் மட்டும்தான்.

1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவலைப் புரட்டினால் நம்ம ஊர் ராட்சசன் நிற்கிறான். புலித்தலை, வாயில் சுங்கான். பிறவிப் பொல்லாதவன், மாமிசம் தின்பவன். ஆசீர்வதிக்கப்பட்ட கிராஸ்போ அம்பு பட்டால் உடனே செத்துப்போவான். ராமபாணத்துக்கும் இந்த கிராஸ்போவுக்கும் என்ன உறவு என்று வால்மீகியைத் தேடாதீர்கள். 1970களின் அமெரிக்க டிவி சீரியல் ஒன்றின் ஒரு எபிசோடிலிருந்து வந்த சரக்கு அது.

எங்கள் மூத்தவர் இதைக் கேட்டால் "அது சும்மா ஒரு மான்ஸ்டர் பாஸ்" என்பார். அவருக்காக ஒரு தகவல். புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் எழுதினார். அரக்கன் என்று சொல்லப்பட்டவனை நாயகனாக வைத்தார். 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1971 ஆயிற்று. அரக்கன் யார் என்று சொல்லும் உரிமைக்காக ஒரு கவிஞன் 23 வருடம் தடையைச் சுமந்த ஊரிலிருந்து கிளம்பிப் போய், அரக்கன் பிறவியிலேயே கெட்டவன், அதில் அரசியல் பார்க்காதே என்று பேசுவதற்குத் தனித் திறமை வேண்டும். பிறப்பால் குணம் வரும், குணத்தால் தண்டனை வரும் என்ற விதிப்புத்தகம் நமக்குப் புதிதா என்ன? நம்மிடம் இருந்ததற்குப் பகடைகூடத் தேவைப்படவில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 1975இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூலில், நல்ல டிராகன்களுக்கெல்லாம் தலைவன் ஆண், கெட்ட டிராகன்களுக்கெல்லாம் தலைவி பெண். அந்த இடத்திலேயே பெண் விடுதலை இயக்கத்தைச் சீண்டி ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். விதிப்புத்தகத்துக்குள், பகடை எண்ணிக்கைகளுக்கு நடுவே! 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மனித ஆணின் பலம் போகக்கூடிய உச்சத்துக்கு மனிதப் பெண்ணின் பலம் போக முடியாது, பாதி வழியில் நிறுத்தம். கேட்டால் யதார்த்தம் என்பார்கள். டிராகன் நெருப்பைக் கக்கலாம், செத்தவன் எழுந்து நடக்கலாம், மந்திரவாதி விரலிலிருந்து அம்பு விடலாம். பெண்ணின் புஜத்தில் மட்டும் யதார்த்தம். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது இந்த விதி போயிற்று. விளையாட்டு செத்துவிட்டதா? 35 வருடம் கழித்தும் உட்கார்ந்து புலம்புகிற அளவுக்கு உயிரோடுதான் இருக்கிறது.

அதே 1989இல் இன்னொன்றும் நடந்தது. 1980கள் முழுக்க அமெரிக்கக் கிறிஸ்தவப் பழமைவாதிகள் இந்த விளையாட்டைச் சாத்தான் வேலை என்று ஏசினார்கள். பிள்ளைகள் பேய் பிடித்துத் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று இயக்கம் நடத்தினார்கள், டிவியில் பேசினார்கள். இரண்டாம் பதிப்பில் டெமன், டெவில் என்ற பெயர்கள் காணாமல்போய், பிறகு தனாரி, பாட்டெசு என்று வாயில் நுழையாத பெயர்கள் வந்தன. சர்ச் அம்மாக்கள் முகம் சுளித்தால் நரகத்துக்கே பெயர் மாறும். அது வியாபாரம். ஓர்க் விஷயத்தில் கறுப்பு வாசகர் ஒருவர் முகம் சுளித்தால் மட்டும் அது அரசியல். காளியைப் பற்றி யாருக்குக் கவலை? 'கேயாட்டிக் ஈவில்'தானே.

விளையாட்டின் தந்தை என்று கொண்டாடப்படும் கைகாக்ஸே 2005இல் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். நல்லொழுக்கம் தவறாத வீரன், பிடிபட்ட ஓர்க் குழந்தைகளைக் கொல்லலாமா என்பது விவாதம். கொல்லலாம் என்ற பக்கம் நின்றார். அதற்கு அவர் துணைக்கழைத்தது, ஈர்தான் நாளைக்குப் பேன் ஆகும் என்கிற, கர்னல் சிவிங்டன் பேரில் வழங்கும் வாசகத்தை. சிவிங்டன் யார்? 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவில் சாண்ட் கிரீக் என்ற இடத்தில் செயென், அராபஹோ மக்களின் முகாமைத் தாக்கியவர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஓர்க்கைப் பற்றிய பேச்சு எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா? இதை இழுத்துக்கொண்டு வந்தது எந்தப் பெண்ணியவாதியும் இல்லை, விளையாட்டை உருவாக்கியவர்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. 1975இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட எம்பயர் ஆஃப் தி பெடல் த்ரோன். ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களை விட்டு, இந்தியா, மத்திய அமெரிக்கா போன்ற இடங்களின் வாசனையோடு கட்டிய கற்பனை உலகம் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது சொல்லிக்கொடுத்த பேராசிரியர். 2012இல் இறந்தார். 1991இல் வேறு பெயரில் வெளியான நாஜி ஆதரவு நாவல் ஒன்று இவர் எழுதியதுதான் என்று 2022இல் அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. பொற்காலத்துக் கள்ளங்கபடமற்ற விளையாட்டாளர்கள்!

மாற்றம் கொண்டுவருகிற கம்பெனி புண்ணியவான் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போதைய உரிமையாளர் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், அதற்கு மேலே ஹாஸ்ப்ரோ. பொம்மை விற்கிற முதலாளிகள். 2020இல் ஓர்க்குகளையும் டிரோ என்ற இன்னொரு பொல்லாத கற்பனை இனத்தையும் இனி மனிதத்தன்மையோடு எழுதுவோம் என்று அறிக்கை விட்டார்கள், பழைய புத்தகங்களின் விற்பனைப் பக்கத்தில் அந்தக் காலத்துத் தப்பெண்ணங்கள் இதில் உண்டு என்று ஒரு வாசகத்தையும் ஒட்டினார்கள். ஒட்டிவிட்டு விற்பனையைத் தொடர்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் ஸ்பெல்ஜாமர் புத்தகத்தில் ஹடோசி என்ற குரங்கு மாந்தரைக் கொண்டுவந்தார்கள். மந்திரவாதி ஒருவன் பிடித்து மாற்றி அடிமைகளாக விற்கப் பார்த்த கூட்டம் என்று அதற்கொரு பூர்வகதை. குரங்கு, அடிமை, அமெரிக்கா. மூன்றையும் சேர்த்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில், மற்றவர்களும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட வழிவிட்ட திறந்த உரிமத்தை மாற்றிச் சின்னப் பதிப்பாளர்களின் வயிற்றில் அடிக்கப் பார்த்து, ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கினார்கள். அப்போது மட்டும் ஒருவரும் விளையாட்டில் அரசியல் எதற்கு என்று கேட்கவில்லை, பாருங்கள். தன் பையில் கை வைத்தால் அநியாயம், அடுத்தவன் சாமியில் கை வைத்தால் ஜாலி.

2024 நவம்பரில் எலான் மஸ்க்கும் கைகாக்ஸின் மானம் காக்கப் புறப்பட்டார். ஹாஸ்ப்ரோ என்ன விலை என்று கேட்டார். அரசியலை விளையாட்டிலிருந்து விரட்ட உலகப் பணக்காரர் கம்பெனியையே வாங்கலாமா என்று யோசிப்பது அரசியலில் சேராது போலிருக்கிறது.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. 2022 ஜூலையில் ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல் வந்தது. 13 சாகசக் கதைகள், எழுதியவர்கள் எல்லோரும் வெள்ளையர் அல்லாதவர்கள். பொறுப்பேற்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். நம்ம ஓசூர்ப் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் இருந்தவர், அதை நிறுவியவரின் மகன். அந்த நூலில் மிமி மண்டல் வங்காளச் சாயலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். கொல்கத்தாக்காரர், தலித் எழுத்தாளர். நதியும் சதுப்பும் காடுமாக, நாம் பார்த்த நிலம் போலவே இருக்கிறது அவருடைய ஊர். அங்கே தெய்வத்தைக் கண்டால் முதலில் அதன் ஹிட் பாயின்ட் எவ்வளவு என்று கேட்கத் தோன்றாது. எங்கள் மேசையில் இதை விளையாடலாம் என்று சொன்னேன். "அது பொலிடிக்கல் புக் பாஸ்" என்று பதில் வந்தது. காளி 'ஈவில்' என்றால் விளையாட்டு, வங்காளப் பெண் வங்காளத்தை எழுதினால் பிரசாரம்.

நம் ஆட்களிடம் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு, அதையும் கொட்டிவிடுகிறேன். அண்ணா நகரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வந்து உட்காருகிறார்கள். பகடையை எடுத்ததும் ஒருவர் சர் எல்டிரின், இன்னொருவர் லார்ட் தோரின்வால்ட். குரலில் லண்டன் வந்துவிடுகிறது. ஒரு தடவை ஒரு சின்னப் பையன் தன் வீரனுக்கு மதுரைவீரன் என்று பெயர் வைத்தான். மேசையே சிரித்தது. இம்மர்ஷன், அதாவது கதைக்குள் மூழ்குவது, கெடுகிறதாம். டிராகன் வந்தால் கெடாத இம்மர்ஷன் மதுரைவீரன் வந்தால் கெடும். ஊரில் அவனுக்குக் கோயில் இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, குதிரை இருக்கிறது. வேறென்ன தகுதி வேண்டும் ஒரு வீரனுக்கு? சினிமாவில் அரசியல் வேண்டாம் என்று பேசுகிற அதே வாய்தான் இதுவும். அண்ணாவிலிருந்து ஜெயலலிதாவரை சினிமாவில் வேலை பார்த்தவர்களை முதல்வராக்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்தான்.

ஆக, அரசியல் வேண்டாம் என்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 1980ஆம் வருடப் புத்தகத்தை எடுங்கள். காளியின் பெயருக்கு எதிரே இருக்கிற அந்த இரண்டு வார்த்தைகளை அடியுங்கள். அல்லது அதே புத்தகத்தில் உங்கள் விஸ்கான்சின் குருமார்கள் ஞாயிற்றுக்கிழமை போய்க் கும்பிட்ட சாமிக்கும் ஹிட் பாயின்ட் எழுதிச் சேருங்கள். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு வாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசலாம்.