ஐஎஸ்ஓ 6400-ம் பூதக்கண்ணாடி ஆசாமிகளும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ராத்திரி எட்டு மணிக்கு காந்தி சிலையை ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த படத்தைக் காட்டினால் நம்ம ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள்? 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, 'ஒரே புள்ளியா இருக்குப்பா, கேமரா வேஸ்ட்டு' என்று தீர்ப்பு எழுதுவார்கள்.

அய்யா நீதிபதிகளே, 24 மெகாபிக்ஸல் படம் 6000 பிக்ஸல் அகலம். அங்குலத்துக்கு 96 பிக்ஸல் உள்ள மானிட்டரில் அது அஞ்சடிக்கு மேல் போகும். பேனரை மூக்கு உரசப் பார்த்தால் புள்ளி தெரியாமல் மல்லிகைப்பூவா தெரியும்? 2007-ல் வந்த நிக்கான் டி3 வெறும் 12 மெகாபிக்ஸல். இரண்டையும் 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொரு கூத்து, பழியெல்லாம் ஐஎஸ்ஓ மேல். உண்மையில் அது வெளிச்சப் பஞ்சம். ஒரு பிக்ஸலில் 10,000 ஃபோட்டான் பதிந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு சதவீதம். 100 மட்டும் பதிந்தால் 10, அதாவது பத்து சதவீதம்! இதற்குப் பயந்து ஐஎஸ்ஓ 400-லேயே நின்று, ஷட்டரைக் குறைத்து, மாசிமக ராத்திரியில் முகமெல்லாம் ஆடிப்போய் எடுத்து வருகிறார்கள் (இந்த ரகம் ஊரில் ஜாஸ்தி). புள்ளியைக் குறைக்க மென்பொருள் உண்டு, ஆடிய முகத்தை யார் நிமிர்த்துவது?

புள்ளியே இல்லாத ஜேபெக் வேண்டுமாம். சிலையைச் சுற்றியுள்ள கல்தூண் வேலைப்பாடு அதில் மெழுகாய் வழிந்திருக்கும். அதையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்களேன்.